மஞ்சள் குடைக்குப் பின்னால்

என் தம்பி என்னோடு ஐந்து வருஷம் சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாட்ஸப்பில் ஒரு வாழ்த்துப் படம் வரும். பதிலுக்கு நானும் ஒன்று அனுப்புவேன். அதோடு சரி. அப்படி இருந்தவன் போன வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். சாப்பிட்டாயா, மாமா எப்படி இருக்கிறார், மழை உண்டா என்று சுற்றி வளைத்துவிட்டு, "அக்கா, ஒரு தடவ இங்க வந்துட்டுப் போயேன்" என்றான்.

இங்கே என்றால் ஸ்பெயின். எங்கள் விருத்தாசலத்தில் செராமிக் படித்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். இவன் முதலில் குஜராத்துக்குப் போனான். அங்கே டைல்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம். அங்கிருந்து ஸ்பெயினில் கடலோரமாக, டைல்ஸ் கம்பெனிகளாகவே இருக்கும் ஓர் ஊருக்கு. சூளையிலிருந்து வெளியே வரும் டைல்ஸின் நிறம், வைத்திருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், அதில் பதினைந்து வெள்ளை இருக்கிறது என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான், அவ்வளவுதான்.

நான் கிராம சுகாதார செவிலியராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் ஒரு சப்-சென்டர். தினமும் பஸ்ஸில் போய்த் தினமும் பஸ்ஸில் திரும்பினேன். ஓய்வு பெற்று எட்டு மாதமாகியிருந்தது. போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சென்னையில் இருக்கும் என் மகள் விசாவுக்கான காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர், "கூப்புடுறப்ப போயிடு, அப்பறம் அவனும் கூப்புட மாட்டான், நீயும் போவ மாட்ட" என்றார்.

நாங்கள் பேசாமல் போனதற்குக் காரணம் அப்பாவின் சாவு.

அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். எழுபத்து நான்கு வயது. பிரஷரைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது. ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், நான் வேலையிலிருந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தேன். அவருடைய மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். "காலையில வாங்கிக்கிறேனேம்மா" என்றார். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. பஸ்ஸில் உட்காரக்கூட இடம் கிடைக்கவில்லை. "நாலு வூடு தள்ளி இருக்கிற கடைக்குப் போறதுக்கு இவ்ளோ யோசனையா?" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெருவில் குழாய் புதைப்பதற்காகப் பள்ளம் தோண்டிப் போட்டு ஒரு வாரமாகியிருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தோம். அப்பா அதற்குள் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. கடலூர், புதுச்சேரி என்று அலைந்தோம். நாற்பத்தோரு நாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

தம்பியால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம், அவனுடைய பாஸ்போர்ட் அந்த ஆபீசில் இருந்தது. கொள்ளி போட்டது என் வீட்டுக்காரர். தம்பி போனில் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பேசும்போது, "அந்த நேரத்துல அவர ஏன்க்கா அனுப்புன?" என்று கேட்டான். அவன் கேட்ட தொனி இப்போது எனக்கு நினைவில்லை. அன்றைக்கு அது குற்றம் சாட்டுவதாகத்தான் என் காதில் விழுந்தது. "கொள்ளி போடக்கூட வராதவன் அதக் கேக்காத" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மாட்ரிட் விமான நிலையத்துக்குத் தம்பி ரயிலில் வந்து எனக்காகக் காத்திருந்தான். ஐம்பது வயது ஆளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நரைத்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நேராக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் கையை நீட்டினேன். அவன் அதைப் பிடிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. நானே கீழே இறக்கிக்கொண்டேன். இன்னும் கோபம் போகவில்லை, கடமைக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். டாக்ஸியில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவனுடைய ஊருக்குப் போகும் முன் மூன்று நாள் மாட்ரிட்டில் தங்குவதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் தொலேதோ என்கிற பழைய ஊருக்கு ஒரு நாள் பயணம் போகிறோம் என்றான். மலைமேல் பெரிய தேவாலயம் இருக்கிற ஊராம். பஸ், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்துப் பதிவு செய்திருந்தான். இத்தனை வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறாயே, நமக்கு எதற்கு வழிகாட்டி என்று கேட்டேன். "கைடோட போனா வழி தேட வேணாம்க்கா. அவங்க பின்னாடியே போனாப் போதும்" என்றான்.

தங்கியிருந்த அறையில் சின்ன அடுப்பு இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலில் காலையிலேயே சோற்றைக் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே காய்ந்த செம்மண். எங்கள் பக்கத்து முந்திரித் தோப்பு மாதிரி வரிசை வரிசையாக ஆலிவ் மரங்கள். திட்டக்குடி ரோட்டில் போவது போலவே இருந்தது. தம்பியிடம் அதைச் சொன்னேன். திரும்பிப் பார்த்து, "ஆமாம்ல" என்றான். அன்றைக்கு நாங்கள் இயல்பாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வழிகாட்டி ஐம்பது வயதுக்குப் பக்கமான ஒரு அம்மாள். மழையே இல்லாத நாளில் ஒரு மஞ்சள் குடையை மடக்கித் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அதுதான் அடையாளம். எங்கள் காதில் ஆளுக்கொரு கருவி மாட்டிவிட்டார். அவர் முன்னால் மெதுவாகப் பேசுவது பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கும். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிந்தது. மீதியைத் தம்பி சொன்னான்.

ஊர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடியது. உள்ளே போனால் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற மாதிரி சந்துகள். கருங்கல் பாவிய தரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இங்கே ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், யூதர்கள் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். பிறகு இரண்டு பேர் போக வேண்டியதாகிவிட்டது என்றும் சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை.

தம்பி குடைக்கு நேர் பின்னாலேயே நடந்தான். யாராவது குறுக்கே வந்தால் அவசரமாக முன்னேறி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். என்னை எப்போதும் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கைப்பையின் வாரை ஒரு விரலால் பிடித்திருந்தான். சின்ன வயதில் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு வருவான். கோபமெல்லாம் உள்ளே இல்லை போலிருக்கிறது என்று எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டிருந்தது. அதில் இடித்துக்கொண்டான். "கீழ பாத்து நட" என்றேன். இனிப்புக் கடை வாசலில் ஒரு பெண், பாதாம் மாவில் செய்த இனிப்பைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து நீட்டினாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இவன் தட்டைக் கவனிக்காமல் நின்றான். அவள் முகம் சுருங்கிவிட்டது. நான்தான் அவன் முழங்கையைத் தட்டினேன். "ஓ" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். யோசனையில் இருக்கிறான், வேலையில் ஏதோ பிரச்சினை என்று எண்ணிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குத் தேவாலயத்துக்குள் போனோம். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே நுழைந்ததும் குளிரும் இருட்டும். எனக்கே ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நான்கு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அளவுக்குத் தூண்கள், மேலே எங்கேயோ போய் முடிகிற கூரை, சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கண்ணாடி. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். பின்னால் வருகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, கொஞ்சம் நில்லு" என்றான்.

அதற்குள் குடை முன்னால் போய்விட்டது. காதுக்குள் அந்த அம்மாளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வா, போகலாம் என்று நான் நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன். பின்னால் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் ஒரு சின்ன வழிபாட்டு அறைக்கு முன்னால் இருந்த ஒற்றைப் படியில் கால் தடுக்கிக் கீழே விழுந்து கிடந்தான். இரும்புக் கிராதியைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கிறான், கிராதி அவன் நீட்டிய பக்கம் இல்லை.

நானும் ஒரு காவலாளும் தூக்கி உட்காரவைத்தோம். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். என் பையில் பஞ்சும் துணியும் எப்போதும் இருக்கும். துடைத்துக் கட்டிவிட்டேன். வழிகாட்டி அம்மாள் ஓடி வந்து, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம், நீங்கள் போங்கள், நாங்கள் பிறகு சேர்ந்துகொள்கிறோம் என்று தம்பி அவர்கள் பாஷையில் சொன்னான். அவர் வெளியே எந்த வாசலில், எத்தனை மணிக்குக் காத்திருப்பார் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினேன். கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டியிருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பாட்டிலைப் பார்க்கவில்லை.

கண் முகாம்களில் முப்பது வருஷம் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். பாட்டிலைக் கீழே வைத்தேன். அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, "என் மூக்கையே பாரு. என் வெரல் எப்பத் தெரியுதுன்னு சொல்லு" என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. ஒரு விரலை அவன் காதுக்குப் பக்கத்திலிருந்து ஆட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. அவன் பேசவில்லை. என் மூக்குக்குக் கிட்டத்தட்ட நேராக விரல் வந்த பிறகுதான், "இப்பத் தெரியுதுக்கா" என்றான். மறுபக்கமும் அப்படியேதான்.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். டாக்டரிடம் போய் இரண்டு வருஷமாகிறது, அதற்கு முன்பே இருந்திருக்கும் என்றான். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கங்கள் போகும். கடைசியில் நடுவும் போகலாம். மருந்து இல்லை. எல்லாவற்றையும் வேறு யாருக்கோ வந்தது போலச் சொன்னான். "நேரா பாக்குறது நல்லாத்தான் தெரியுதுக்கா. பைப்புக்குள்ளருந்து பாக்குற மாதிரி." காரை விற்றுவிட்டான். நிறம் பார்க்கிற வேலையிலிருந்து அவனை எடுத்து ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "டாக்டரு கேட்டாரு, வூட்ல வேற யாருக்காவது இருட்டுனா கண்ணு தெரியாம இருந்துதான்னு" என்றான். "யாருக்கும் இல்லன்னுட்டேன். ரூமுக்கு வந்து படுத்தப்பறம்தான் அப்பா நெனப்பு வந்துது."

எனக்கும் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அப்பா விருத்தாசலம் விற்பனைக் கூடத்தில் எடை போடுகிற வேலை பார்த்தார். நாங்கள் மணிலா என்கிற வேர்க்கடலை மூட்டை மூட்டையாக வந்து குவிகிற காலத்தில் மற்றவர்கள் ராத்திரி வரைக்கும் நின்று வேலை செய்வார்கள். இவர் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். பொறுப்பான மனுஷன், வேலை விட்டால் வீடு என்று தெருவே சொல்லும். கல்யாண வீட்டு வரவேற்புக்கு அம்மாவையும் எங்களையும் அனுப்பிவிட்டு, அவர் மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்குத் தனியாகப் போவார். சாயங்காலச் சினிமாவுக்குக்கூட வந்ததில்லை. கரண்டு போனால் இருக்கிற இடத்தை விட்டு நகரமாட்டார். யாராவது விளக்கைக் கொண்டுவரும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். வயதான பிறகு தரையில் வைத்த டம்ளரை உதைத்துவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். எத்தனை தடவை அவரிடம், "கீழ பாத்து நடங்கப்பா" என்று சள்ளென்று விழுந்திருக்கிறேன்!

என் வேலையே அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து ஊற்றுவோம். ஒவ்வொரு தாயிடமும் கேட்பேன்: பொழுது போனா புள்ள தடுக்கி விழுதா, வச்ச பொருளத் தேடித் தடவுதா? மாலைக்கண் என்றால் என்னவென்று அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான். நர்சம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அத்தனை வருஷம் அதைக் கேட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் அப்பாவை இருட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

நான் அழுததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பக்கத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள். தம்பி என் முதுகில் கை வைத்திருந்தான்.

"சொன்னா நீ இப்படித்தான் ஆவன்னு தெரியும்க்கா. நான் வேற அன்னிக்கி போன்ல அப்படிக் கேட்டுட்டேன்" என்றான். இரண்டு வருஷமாக எத்தனையோ தடவை நம்பரைப் போட்டுவிட்டு வைத்திருக்கிறானாம். சொல்லாமலே விட்டுவிடலாம், அக்காவைக் கூப்பிட்டுக் கண் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தானாம். "உன் மொகத்த வெளிச்சத்துல நல்லாப் பாத்துக்கணும்னு இருந்துது. அதான்."

விமான நிலையத்தில் நீட்டிய கை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

"அப்பாவுக்கே தெரியாம இருந்திருக்கும்க்கா" என்றான். "பொறந்ததுலேர்ந்து அப்படின்னா, எல்லாருக்கும் ராத்திரியில அப்படித்தான்னு நெனச்சிருப்பாரு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னான். எனக்கு அது நம்பும்படி இல்லை. காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கண் தெரியவில்லை என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு அவருக்கு என்ன தடை இருந்தது என்றுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சில நாள் அதை நினைத்து அவர்மேலேயே கோபம் வருகிறது. அந்தக் கோபம் நிற்பதில்லை.

காதுக் கருவியில் வழிகாட்டி அம்மாளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இங்கே அடக்கமான பெரிய மதகுருமார்களின் சிவப்புத் தொப்பிகளை அவர்களுடைய சமாதிக்கு மேலே கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள், யாரும் அவிழ்ப்பதில்லை, தானாக மக்கி விழும்வரை அங்கேயே இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி தலையைத் தூக்கினான். "எங்கக்கா இருக்குது? எனக்கு மேல ஒண்ணுமே தெரியல" என்றான். நான் சொன்னேன். நமக்கு நேர் மேலே ஒன்று, அகலமாக முறம் மாதிரி, குஞ்சங்கள் தொங்குகின்றன, சிவப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது, நூல்தான் பாக்கி. "எந்தப் பழுப்பு?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ந்த செம்பருத்தி என்றேன். தலையாட்டினான்.

எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பெரிய பலிபீடத்துக்குப் பின்புறம் போனோம். அங்கே கூரையையே உடைத்து ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். வெளி வெயில் அதன் வழியாக உள்ளே விழுகிறது. பளிங்கு உருவங்களும் தேவதைகளும் அந்த இடத்தில் மட்டும் பகல் மாதிரி இருந்தன. "இங்க நல்லாத் தெரியுது" என்றான். நிறைய நேரம் நின்றான். உருவங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். திரும்பினால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முன்பல்லு எப்பக்கா கட்டுன?" என்று கேட்டான். போன தை மாதம் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் எனக்கு மறுபடி அழுகை வந்தது.

மதியம் ஒரு சதுக்கத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். நான் டப்பாவை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கொடுத்தேன். ஒரே நாளில் அதைக் கற்றுக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்துவிடு என்றேன். மேலே ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, நான் வேலையில் இல்லை, மாமாவும் உன்மேல் பிரியமாக இருப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வருகிற வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவன் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக முடித்தான்.

"அங்க என்னால தனியா நடக்க முடியாதுக்கா. இங்க சிக்னலு சத்தம் குடுக்கும், நடைபாதையில காலுக்குத் தட்டுப்படுற மாதிரி கோடு போட்டிருக்காங்க. நம்ம ஊரு பாலக்கரை ரோட்ட நான் எப்படித் தாண்டுவேன்? நீ எத்தினி நாளைக்கி கையப் புடிச்சிக்கிட்டு வருவ?"

எனக்கு அறுபது வயது. அவனுக்கு ஐம்பது. வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒரு வீடு இருந்தும், அவன் நடப்பதற்கு அங்கே ஒரு தெரு இல்லை என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மூன்று மணிக்கு வழிகாட்டி அம்மாள் சொன்ன வாசலில் காத்திருந்தோம். அவர் தம்பியின் முழங்கையைப் பார்த்துவிட்டு, பிறகு அவன் கண்ணைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்குகிற சந்துகளில் எல்லாம், படி வரும்போது எத்தனை படி என்று கருவியில் சொல்லிக்கொண்டே போனார். எல்லோருக்கும் சொல்வது போலத்தான் சொன்னார்.

அங்கிருந்து திரும்பிய பிறகு புதுச்சேரியில் என் கண்ணைக் காட்டினேன். எனக்கு இல்லை. மகளுக்கும் இல்லை. டாக்டர் நல்ல செய்தி என்றார். எனக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. அப்பாவைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர், "எனக்கும்தான் தெரியல. நானும் இதே வூட்டுலதான் இருந்தேன்" என்றார். என் பாரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நல்ல மனுஷன். ஆனால் அனுப்பியது நான்தானே.

இந்த வருஷம் மாசி மகத்துக்குத் தம்பி பத்து நாள் லீவில் வந்தான். சன்னதித் தெருக் கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரே வருகிறவர்கள் யார் யாரென்று நான் காதருகில் சொல்ல, அவன் அவர்களுடைய பேரைச் சொல்லி விசாரித்தான். அக்கா தம்பி ஒற்றுமையைப் பாரு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரிடமும் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சொல்லவில்லை.

சென்னை விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். காலை பத்து மணி வெயிலில் வாசலில் நின்று விடைபெற்றோம். கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்றான். பிறகு முதுகுப் பையின் ஓரத்தைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைக் கோலை எடுத்து உதறினான். அது ஒவ்வொரு கண்ணியாக நீண்டு நேரானது. அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பத்து நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறான். எவ்வளவு நாளாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கார்த்திகையிலிருந்து என்றான்.

கோலைத் தரையில் இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டு உள்ளே போனான். அங்கங்கே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்புறம் ஒரு பெண் ஊழியர் வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னமோ கேட்க, அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொன்னான். அவன் திரும்பிப் பார்த்திருந்தாலும் அந்தத் தூரத்தில் ஓரமாக நின்றிருந்த நான் அவன் பார்வைக்குள் வந்திருக்க மாட்டேன். இருந்தும் நான் கையை ஆட்டிக்கொண்டேதான் நின்றேன்.